செங்கல்பட்டுப் பகுதியில் தொழுநோயாளர் நலப் பராமரிப்பு

செங்கல்பட்டுப் பகுதியில் தொழுநோயாளர் நலப் பராமரிப்பு என்பது, தமிழ்நாட்டின் செங்கல்பட்டு நகரையும் அதற்கு வடக்கே பரனூர், சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் வரை அமைந்துள்ள ஊர்களையும் களமாகக் கொண்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நடைபெற்று வரும் மருத்துவ, சமூக நலப் பணிகளைக் குறிக்கும். நோயாளரை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைப்பதில் தொடங்கிய இப்பணி, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையும் முறைக்கு மாறியுள்ளது. மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் ஒன்றையொன்று விட்டு நிற்க இயலாது என்பதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று எனலாம். தற்போது இப்பகுதி ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பேட்டைகளின் வாயிலாகவும் விளங்குவதால், பிற மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளரிடையே நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இப்பணியின் புதிய கூறாகியுள்ளது.

அமைவிடம்

சிங்கப்பெருமாள் கோவில், சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் பெருஞ்சாலையில் (ஜி.எஸ்.டி. சாலை) செங்கல்பட்டுக்கு வடக்கே உள்ள ஊராகும். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலால் இவ்வூர் பெயர் பெற்றது. ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலை இங்கிருந்தே பிரிகிறது. தென்னகத் தொடர்வண்டித் தடத்தில் இதற்கு அடுத்த நிலையம் பரனூர். அதற்கு அடுத்தது செங்கல்பட்டு. பரனூரில் தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கான அரசு மறுவாழ்வு இல்லமும், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் கற்பித்தல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. பரனூர் நிலையத்தில் இறங்கும் பயணிகளுள் பெரும்பாலோர் இன்று அருகிலுள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குப் பணிக்குச் செல்பவர்களே. அதே ஊரில் மறுவாழ்வு இல்லம் இருப்பதை அவர்களுள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நோயின் தன்மை

தொழுநோய், மைக்கோபாக்டீரியம் லெப்ரே எனும் பாக்டீரியாவால் உண்டாகிறது. இதனை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இல் கண்டறிந்தார். அதனால் இந்நோய் ஆன்சன் நோய் எனவும் வழங்கப்படுகிறது. இப்பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. தொற்று ஏற்பட்டபின் நோய்க்குறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகளும், சிலருக்கு இருபது ஆண்டுகள் வரையும் ஆகலாம். மருந்து உட்கொள்ளாத நோயாளருடன் நெடுநாள் நெருங்கிப் பழகுவோருக்கு, மூக்கு, வாய் வழியே வெளியேறும் நுண்துளிகளால் இது பரவுகிறது. பெரும்பாலான மனிதர்களுக்கு இந்நோய்க்கு எதிரான இயற்கையான எதிர்ப்பாற்றல் உண்டு. கைகுலுக்குவதாலோ ஒரே பேருந்தில் அமர்ந்து செல்வதாலோ உடன் உண்பதாலோ இது தொற்றுவதில்லை.

தோலில் நிறம் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் தோன்றுவது முதன்மையான அறிகுறியாகும். அரிப்பும் வலியும் இல்லாமையால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையான கேடு நரம்புகளுக்கே ஏற்படுகிறது. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் வழியே செல்லும் நரம்புகளும் முக நரம்பும் தாக்கப்படும்போது விரல்கள் மடங்குகின்றன, பாதம் தொங்குகிறது, கண் இமைகளை மூட இயலாமல் போகிறது, கை கால்கள் உணர்ச்சியை இழக்கின்றன.

விரல்கள் 'அழுகி விழுகின்றன' என்ற கருத்து தவறானதாகும். சூட்டையும் வலியையும் உணராத கையால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பதாலும், முள் தைத்ததை அறியாமல் நடப்பதாலும் உண்டாகும் புண்கள் ஆறாமல் எலும்பு வரை சென்று, நாளடைவில் விரல்கள் குறுகுகின்றன. இந்த ஒரு செய்தி மருத்துவ உலகிலேயே 1940களின் இறுதிக்குப் பின்னர்தான் நிலைபெற்றது. அதற்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தொடர்பு கீழே கூறப்பட்டுள்ளது.

தமிழில் இந்நோய்க்குக் குட்டம், பெருநோய், பெருவியாதி முதலிய பெயர்கள் வழங்கி வந்துள்ளன. முற்பிறவித் தீவினையின் பயன் என்ற நம்பிக்கை இப்பெயர்களுடன் ஒட்டியே வளர்ந்தது. நோயின் பெயரையே மனிதருக்குப் பெயராக்கும் வழக்கைத் தவிர்த்து, 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்று கூறுவதே இன்று முறையானதாகக் கொள்ளப்படுகிறது. மருந்து முடித்தவர் நோயாளர் அல்லர். உடற்குறை எஞ்சியிருந்தாலும் அவர் குணமடைந்தவரே.

வரலாறு

லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம்

குடியேற்றக் காலத்தில் தொழுநோயாளரைப் பற்றிய அரசின் அணுகுமுறை 1898ஆம் ஆண்டின் குட்டநோயாளர் சட்டத்தில் வெளிப்பட்டது. பிழைக்க வழியின்றித் தெருவில் திரியும் நோயாளரைப் பிடித்துக் காப்பிடத்தில் அடைக்க இச்சட்டம் இடமளித்தது. வசதி படைத்த நோயாளரை இது பெரும்பாலும் தொடவில்லை. நோய்த்தடுப்பைக் காட்டிலும் தெருவைத் தூய்மையாகக் காட்டுவதே இதன் நோக்கமாக இருந்தது எனக் கருத இடமுண்டு.

1924இல் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம் நிறுவப்பட்டது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் இது அழைக்கப்பட்டது. ஊரிலிருந்து விலகிய பரந்த நிலத்தில் குடியிருப்புகளுடன் அமைந்த இந்நிலையத்தைக் கிறித்தவ மிஷன் நடத்தி வந்தது. அக்காலத்தில் கிடைத்த ஒரே மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஆகும். சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நெடுங்காலம் பயன்பட்டு வந்த இவ்வெண்ணெய் பின்னர் ஊசி வழியே செலுத்தப்பட்டது. வலி மிகுந்தது, பயன் குறைவு.

கொக்ரேன்

ராபர்ட் கொக்ரேன் (1899–1985) என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1935இல் இந்நிலையத்தின் பொறுப்பேற்றார். 1944 வரை இங்குப் பணியாற்றிய அவர், பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். நோயாளர் அனைவரையும் அடைத்து வைப்பது தேவையற்றது என்பதும், தொற்றும் தன்மையுள்ள வகை எது, அல்லாத வகை எது எனப் பிரித்தறிந்து நடக்க வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய கருத்துகளாகும். சென்னை சைதாப்பேட்டையில் குழந்தைகளுக்கென இயங்கிய வெள்ளிவிழா மருத்துவகமும் இதே காலத்தைச் சேர்ந்தது. குழந்தைகளிடம் நோயைத் தொடக்கத்திலேயே காண இயலும் என்பதால் அதற்கு ஆய்வு முறையிலும் முதன்மை இருந்தது.

1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து பயனளிப்பது கண்டறியப்பட்டது. அம்மருந்து விலை மிகுந்ததாகவும் நாள்தோறும் நரம்பூசியாகத் தரவேண்டியதாகவும் இருந்தது. அதன் தாய்ச் சேர்மமாகிய டாப்சோன் மலிவானது. ஆனால் நச்சுத்தன்மை மிக்கது என ஒதுக்கப்பட்டிருந்தது. 1940களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டில் கொக்ரேன் டாப்சோனைக் குறைந்த அளவில் ஊசி வழியே தந்து, அதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும் எனக் காட்டினார். பின்னர் நைஜீரியாவில் மாத்திரையாகவே தரலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் மருந்து இவ்வாறு கிடைத்தது. மாத்திரை என்றான பின் நோயாளர் காப்பிடத்தில் தங்க வேண்டிய மருத்துவக் காரணம் பெரும்பாலும் நீங்கியது. சமூகக் காரணம் நீங்கவில்லை.

கைகளைப் பற்றிய கண்டுபிடிப்பு

கொக்ரேனின் அழைப்பின் பேரில் வேலூருக்கு 1946இல் வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அடுத்த ஆண்டு செங்கல்பட்டு நிலையத்தைப் பார்வையிட்டார். விரல்கள் மடங்கிப்போன நோயாளர் ஒருவரிடம் தம் கையை இறுகப் பற்றுமாறு அவர் கேட்டபோது, பிடி எதிர்பாராத அளவு வலுவாக இருந்தது. கையில் சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன, மற்றவை முழு ஆற்றலுடன் இருக்கின்றன என்பதை இதிலிருந்து அவர் ஊகித்தார். செயல்படும் தசைநாணை எடுத்துச் செயலிழந்த தசையின் பணிக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை 1948 முதல் வேலூரில் அவர் மேற்கொண்டார்.

அறுவைக்குப்பின் கை திறந்தது. ஆனால் புண்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தைத் தேடிச் சென்றபோது சுத்தியலின் கைப்பிடி, அடுப்பின் சூடு, இரவில் எலிக்கடி என வெளிக்காரணங்களே தென்பட்டன. வலியின்மைதான் அழிவின் வேர் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. இக்கண்டுபிடிப்பின் பயன் தொழுநோயோடு நிற்கவில்லை. நீரிழிவு நோயாளரின் உணர்ச்சியற்ற பாதத்தைப் பேணும் முறைகளும் இதிலிருந்து வளர்ந்தவையே. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஆய்வு மருத்துவமனை இப்பணிகளின் மையமாயிற்று. 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. பின்னாளில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை அவர் வளர்த்தெடுத்தார்.

நோயாளரே பணியாளராதல்

தி. ந. ஜகதீசன் (டி. என். ஜகதீசன்), இந்நோய்க்கு ஆளாகி, கொக்ரேனிடம் மருத்துவம் பெற்று, பின்னர் வாழ்நாள் முழுவதையும் தொழுநோய்ப் பணிக்கு அளித்தவர். ஆங்கில இலக்கியம் கற்ற அவர், சீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைப் பதிப்பித்தவரும் ஆவார். 1940களில் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மழவந்தாங்கலில் கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையம் அமைந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1957இல் பத்மசிறீ விருது பெற்றார். தமது நோயைப் பற்றி மறைக்காமல் தன்வரலாறு எழுதினார். இரக்கத்துக்குரிய பொருளாக மட்டுமே பார்க்கப்பட்டவர்களுள் ஒருவர் நிலையத்தை அமைப்பவராகவும் கொள்கை வகுப்பவராகவும் விளங்கியது அக்காலத்தில் அரிது. இன்றும் அத்துணைப் பரவலாகிவிட்டது எனக் கூற இயலாது.

விடுதலைக்குப் பின்

1955இல் இந்திய அரசு தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் லேடி வில்லிங்டன் நிலையமும் சைதாப்பேட்டை மருத்துவகமும் அரசால் ஏற்கப்பட்டு, மத்திய தொழுநோய் கற்பித்தல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. 1974இல் இது நடுவண் அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககத்தின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. மருத்துவர்கள், சுகாதாரப் பணியாளர்கள், ஆய்வக நுட்பர்கள், இயன்முறைப் பயிற்சியாளர்கள் எனப் பலருக்கும் இங்குப் பயிற்சி தரப்படுகிறது. சீரமைப்பு அறுவை, சிக்கலான புண்களுக்கான மருத்துவம், மருந்து எதிர்ப்பாற்றல் ஆய்வு ஆகியவையும் இதன் பணிகளாகும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் தடுப்பூசி ஆய்வுகளுக்கும் களமாக இருந்துள்ளது. 1990களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் தென்னிந்தியாவில் நடந்த தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையின் முடிவுகள் 1998இல் வெளியாயின. பி.சி.ஜி. மட்டும் ஏறத்தாழ 34 விழுக்காடும், கொல்லப்பட்ட தொழுநோய்ப் பாக்டீரியாவைச் சேர்த்த பி.சி.ஜி. ஏறத்தாழ 64 விழுக்காடும் பாதுகாப்பளித்ததாக அதில் தெரியவந்தது.

கூட்டு மருந்துச் சிகிச்சை

டாப்சோனை மட்டும் ஆண்டுக்கணக்கில், சில வேளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியிருந்தது. 1964இல் டாப்சோனுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியா இருப்பது மெய்ப்பிக்கப்பட்டது. இதனால் ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. 1983இல் இந்தியாவின் திட்டம் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்று, மாவட்டம் மாவட்டமாக இம்மருந்து கொண்டுசெல்லப்பட்டது.

ஐந்து வரையிலான தேமல்கள் உள்ள வகைக்கு ஆறு மாதமும், அதற்கு மேற்பட்ட தேமல்கள் உள்ள வகைக்குப் பன்னிரண்டு மாதமும் மருந்து தரப்படுகிறது. முதல் வகைக்கு நெடுங்காலம் இரண்டு மருந்துகளே தரப்பட்டன. 2018இல் உலக சுகாதார நிறுவனம் இரு வகைக்கும் மூன்று மருந்துகளையும் பரிந்துரைத்தது. மாத்திரைகள் மாதத்திற்கு ஓர் அட்டையாக வருகின்றன. மாதத்தின் முதல் வேளையைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். 1995 முதல் இம்மருந்து உலகெங்கும் விலையின்றி வழங்கப்படுகிறது. முதல் சில வேளைகளிலேயே நோயாளர் பிறருக்குத் தொற்றும் நிலையை இழந்துவிடுகிறார். கருவுற்ற பெண்களும் இதனை உட்கொள்ளலாம்.

சிகிச்சையின்போதோ அதன் பின்னரோ உடலின் எதிர்வினையால் தேமல்கள் திடீரெனச் சிவந்து வீங்கவும், நரம்புகள் வலிக்கவும் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை எனக் கருதிப் பலர் இக்கட்டத்தில்தான் நிறுத்திவிடுகின்றனர். இது அவசரநிலை ஆகும். உடனே பிரெட்னிசோலோன் தராவிட்டால் சில நாட்களிலேயே நரம்பு நிலையாகக் கெடலாம். மருந்து தொடங்கும் நாளிலேயே இதனை எடுத்துக் கூறாத மருத்துவம் பாதி மருத்துவமே.

பரனூர் மறுவாழ்வு இல்லம்

1970களின் தொடக்கத்தில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தொழுநோயால் பாதிக்கப்பட்டுப் பிச்சை எடுத்து வாழ்ந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு மறுவாழ்வு இல்லங்களை அமைத்தது. பரனூர் இல்லம் அவற்றுள் ஒன்று. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுடன் நெசவு, வேளாண்மை போன்ற தொழில்களும் இத்தகைய இல்லங்களில் ஏற்படுத்தப்பட்டன. இவை தற்போது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் உள்ளன.

இங்கு வந்தவர்களுள் பலர் நோய் குணமான பின்னரும் திரும்பிச் செல்லவில்லை. செல்ல வீடு இல்லை. இருந்தாலும் வரவேற்பு இல்லை. தங்களுக்குள் மணம் செய்துகொண்டு குடும்பமாயினர். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு நோய் இல்லாதபோதும் முகவரியே அடையாளமாயிற்று. பள்ளிச் சேர்க்கையிலும் பெண் கேட்டுச் செல்லும்போதும் முகவரியை மாற்றிச் சொல்லும் நிலை இத்தகைய குடியிருப்புகள் எல்லாவற்றிலும் காணப்பட்டதாகும். முதல் தலைமுறையினர் இப்போது முதுமையடைந்துவிட்டனர். தொழுநோய்க்காக அமைந்த இல்லங்கள் படிப்படியாக முதியோர் பராமரிப்பு இடங்களாக மாறி வருகின்றன. மடங்கிய விரல்களோடும் உணர்ச்சியற்ற பாதங்களோடும் பார்வைக் குறைவும் சேரும்போது தேவைப்படும் பராமரிப்பு, தொடக்கத்தில் திட்டமிட்டதினின்றும் முற்றிலும் வேறானது.

தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கு மாநில அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 1,500 ரூபாயாக இருந்த இத்தொகை 2023 முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பராமரிப்பின் கோட்பாடுகள்

ஐக்கிய நாடுகள் பொது அவை 2010 திசம்பரில், தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான கோட்பாடுகளையும் வழிகாட்டு நெறிகளையும் ஏற்றது. நோயின் காரணமாக எவரையும் மணம், கல்வி, வேலை, பொது இடங்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கலாகாது என்பது இதன் சாரமாகும். கட்டாயப்படுத்திப் பிரிக்கப்பட்ட குடும்பங்களை விருப்பத்தின் பேரில் மீண்டும் இணைக்க அரசுகள் உதவ வேண்டும் எனவும் இது கூறுகிறது. 'விருப்பத்தின் பேரில்' என்பது கருதத்தக்கது. நாற்பது ஆண்டுகள் ஒரு குடியிருப்பில் வாழ்ந்தவருக்கு அதுவே ஊர். அதனைக் கலைத்துவிட்டு அவரைச் 'சமூகத்தில் இணைப்பது' மற்றொரு வெளியேற்றமாகவே முடியும்.

நடைமுறையில் மறைகாப்பே முதன்மையாகப் பேணப்பட வேண்டியதாகிறது. நோயாளரின் பெயரும் நோயும் அவர் ஒப்புதலின்றி முதலாளிக்கோ, அண்டை வீட்டாருக்கோ, விடுதிக் காப்பாளருக்கோ தெரியலாகாது. ஆயினும் உடன் வாழ்வோரைச் சோதிப்பது நோய்த்தடுப்பின் அடிப்படையாகும். 2018 முதல் இந்தியாவில் அவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் தடுப்பு மருந்தாகத் தரப்படுகிறது. பெயரைக் கூறாமல் அண்டை வீட்டாருக்கு எவ்வாறு மருந்து தருவது? தெருவில் உள்ள எல்லா வீடுகளிலும் பொதுத் தோல் சோதனையாக இதனை நடத்துவது களப்பணியாளர் கையாளும் வழிகளுள் ஒன்று. நோயாளர் ஒப்பாவிடில் வீட்டாரை மட்டும் சோதித்து நிறுத்திக்கொள்வதும் உண்டு. இரண்டில் எது சரி என்பது இடத்தைப் பொறுத்தது; நோயாளரைக் கேட்காமல் முடிவு செய்வது மட்டும் எங்கும் சரியாகாது.

தற்பராமரிப்பு

உணர்ச்சியற்ற கை கால்களை நாள்தோறும் பேணுவது நோயாளர் தாமே செய்ய வேண்டியது. பாதங்களை இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவ வேண்டும். வியர்வை சுரக்காத தோல் வெடிக்காமல் இருக்க இது இன்றியமையாதது. பின்னர்ப் பாதத்தையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்த்து ஆராய வேண்டும். வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்க முடியாத உள்ளங்காலுக்குக் கண்ணாடி பயன்படும். சூடான குவளையைத் துணியால் பிடிப்பது, அடுப்பருகே காலை நீட்டி அமராமை, உறங்குமுன் கண்ணை மூடித் துணி கட்டிக்கொள்வது ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன.

காலணியாக எம்.சி.ஆர். செருப்பு எனப்படும் நுண்துளை ரப்பர்ச் செருப்பு தரப்படுகிறது. இது பாதத்தின் மீது விழும் அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. ஆணி அடித்த செருப்பு கூடாது. இதில் ஒரு முரண் உண்டு: அரசு தரும் செருப்பு ஒரே வடிவில் இருந்ததால் அதுவே நோயின் அடையாளமாகிவிட, பலர் வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலுடன் அல்லது ரப்பர்ச் செருப்புடன் வெளியே சென்றனர். கடையில் விற்கும் செருப்பைப் போன்ற தோற்றத்தில் இதனைத் தைக்கும் முயற்சிகள் அதன் பின்னரே நிகழ்ந்தன. கண்ணுக்கு அழகாக இருப்பதும் மருத்துவப் பயனின் ஒரு பகுதி என்பதை இதிலிருந்து அறியலாம்.

தொழிற்பேட்டைப் பகுதியில்

ஒரகடம், திருப்பெரும்புதூர், மறைமலை நகர் ஆகிய இடங்களில் உள்ள ஊர்தி, உதிரிபாக, மின்னணுத் தொழிற்சாலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் பீகார், சார்க்கண்டு, ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களைச் சேர்ந்தோர் பெருமளவில் பணிபுரிகின்றனர். இவற்றுள் சில இந்தியாவில் தொழுநோய் கூடுதலாகக் காணப்படும் மாநிலங்களாகும். நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆவதால், ஊரில் பெற்ற தொற்று இங்கு வந்தபின் தேமலாகத் தோன்றலாம். இதனை வைத்துப் புலம்பெயர் தொழிலாளரே நோயைக் கொண்டுவருகின்றனர் எனப் பேசுவது பொருந்தாது. தமிழ்நாட்டிலும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்பட்டே வருகின்றனர். தொலைவு, மொழி, வேலைநேரம் ஆகியவற்றால் மருத்துவம் எட்டாத நிலையிலிருப்போர் புலம்பெயர்ந்தோர் என்பதே கருத்தில் கொள்ளத்தக்கது.

அச்சு எந்திரம், உருக்கு, பற்றவைப்பு போன்ற பிரிவுகளில் உணர்ச்சியற்ற கை பேராபத்தானது. தடித்த பாதுகாப்புக் காலணிக்குள் உண்டாகும் புண் மாலையில் காலணியைக் கழற்றும்வரை தெரிவதில்லை. இத்தகையோரைப் பணிநீக்கம் செய்வதைவிட, சூடும் கூர்மையும் இல்லாத பிரிவுக்கு மாற்றுவதே தக்கது. நரம்பு பாதிக்கப்படுமுன் கண்டறியப்பட்டவருக்கு மாற்றமும் தேவையில்லை. மருந்துண்டபடி அதே வேலையைத் தொடரலாம்.

விடுதி வாழ்க்கை வேறொரு சிக்கலைத் தருகிறது. குளோபாசிமின் சில மாதங்களில் தோலைக் கருக்கச் செய்கிறது. ரிபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பாக்குகிறது. மருந்து நின்றபின் நிறம் மெல்ல மீளும். ஆனால் ஓர் அறையில் பலர் தங்கும் இடத்தில் முகம் கருப்பதைப் பற்றிக் கேள்விகள் எழும். கேள்விகளுக்கு அஞ்சி மருந்தை நிறுத்துவோர் உண்டு. இந்நிற மாற்றத்தை முன்கூட்டியே அவரவர் தாய்மொழியில் விளக்குவது மாத்திரை அட்டையைத் தருவதற்கு இணையான பணியாகும். இந்தி, ஒடியா, வங்க மொழிகளில் பேசக்கூடிய ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லாதபோது உடன்பணியாளரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது வழக்கம். இது எளிய வழிதான், எனினும் மறைகாப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவோருக்கு எஞ்சிய மாதங்களுக்கான அட்டைகளை மொத்தமாகத் தந்து, குடும்பத்தில் ஒருவர் மேற்பார்வையில் உட்கொள்ளச் செய்யும் முறையும் ஏற்கப்பட்டுள்ளது.

தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) உள்ளோருக்கு, நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிக்குரிய நோய்களுள் தொழுநோயும் இடம்பெற்றுள்ளது. இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுப் பணியில் இருந்து, குறித்த நாட்களுக்குச் சந்தா செலுத்தியவர், பணிக்குச் செல்ல இயலாத காலத்தில் ஊதியத்தில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டுகள் வரை பெறலாம். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இத்திட்டத்தில் அடங்குவர். ஆறு மாதம், ஓராண்டு என ஒப்பந்தம் மாறிக்கொண்டே இருப்பவர்களும், காப்பீட்டு எண் சரிவர இணைக்கப்படாதவர்களும் இரண்டாண்டு நிபந்தனையில் தடுக்கப்பட்டுவிடுகின்றனர்.

சட்ட நிலை

1898ஆம் ஆண்டுச் சட்டம், மருந்து கண்டுபிடிக்கப்பட்டு எழுபது ஆண்டுகள் கடந்தும் ஏட்டில் இருந்து, 2016இல்தான் நடுவண் அரசால் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியச் சட்ட ஆணையம் தனது 256ஆம் அறிக்கையில் தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கு எதிரான சட்டக்கூறுகளை நீக்கப் பரிந்துரைத்திருந்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விழிப்புணர்வு, மருந்து கிடைத்தல், பாகுபாடின்மை ஆகியவை குறித்து நடுவண், மாநில அரசுகளுக்கு விரிவான நெறிமுறைகளை வழங்கியது. 2019ஆம் ஆண்டின் தனிநபர் சட்டங்கள் (திருத்தம்) வாயிலாக இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களிலிருந்து, தொழுநோயை மணமுறிவுக்கும் மனைவி பராமரிப்புத்தொகை உரிமையுடன் பிரிந்து வாழ்வதற்கும் காரணமாகக் கொள்ளும் பகுதிகள் நீக்கப்பட்டன. அதுவரை ஆறு மாத மாத்திரையில் குணமாகும் ஒரு நோயைக் காட்டி வாழ்க்கைத்துணையைக் கைவிடச் சட்டமே இடம்தந்திருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்து உடற்குறையுடன் வாழ்வோரை மாற்றுத்திறனாளிகளாக ஏற்கிறது.

தற்போதைய நிலை

2005 திசம்பரில் இந்தியாவில் நோயாளர் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவானது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோய் ஒழிக்கப்பட்டதாக இது அறிவிக்கப்பட்டது. நோயே இல்லாமல் போயிற்று என மக்களும், ஓரளவு மருத்துவ உலகமும் இதனைப் புரிந்துகொண்டன. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தொழுநோய்க்கெனத் தனியாக இயங்கிய பணியாளர் அமைப்பு பொதுச் சுகாதாரப் பணியுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைத்தது, தனி மருத்துவமனை வாயிலில் நிற்கும் அவமானம் நீங்கியது என்பன இதன் நன்மைகள். வீடுவீடாகச் சென்று தோலைச் சோதித்த பழைய பணியாளர்கள் ஓய்வுபெற்றபோது, தேமலைக் கண்டதும் நரம்பைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சியும் அவர்களுடன் சென்றுவிட்டது இழப்பு. 2016 முதல் நோயாளரைத் தேடிக் கண்டறியும் இயக்கங்கள் மீண்டும் நடத்தப்பட்டபோது பல ஆயிரம் புதிய நோயாளர் வெளிப்பட்டனர். 2017 முதல் காந்தி நினைவு நாளான சனவரி 30ஐ ஒட்டி 'ஸ்பர்ஷ்' விழிப்புணர்வு இயக்கம் ஊராட்சிகளில் நடைபெறுகிறது.

உலகில் 2023இல் பதிவான ஏறத்தாழ 1.8 இலட்சம் புதிய நோயாளருள் ஏறத்தாழ 1.07 இலட்சம் பேர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். நோய் பரவலை 2027க்குள் முற்றிலும் நிறுத்துவது 2023இல் தொடங்கிய தேசியச் செயல்திட்டத்தின் இலக்காகும். உடலில் உணர்ச்சியற்ற தேமல், கை கால் மரத்தல், விரல் பலவீனம் ஆகியவை உள்ளோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திருமணி நிறுவனத்திலோ கட்டணமின்றிச் சோதனை செய்துகொள்ளலாம். பிற மாநிலத்தவருக்கும் இதே மருந்து விலையின்றியே தரப்படுகிறது.